சார்ஜ் போடக் கூடாத கார்

வெர்னா நோஸ்கி தன் காரை என் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தபோது, யாரோ விருந்தாளி வருகிறார்கள், அவள் வீட்டில் இடம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். ஜனவரி மாதம், ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் கோடை. ஹார்ஷமில் அந்த மாதத்தில் மதியத்துக்கு மேல் யாரும் தெருவில் நடப்பதில்லை. அவளோ தொப்பி கூட இல்லாமல் என் வாசலில் நின்றாள்.

"எத்தனை நாளைக்கு வேணும்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க," என்றாள்.

வெர்னாவை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் குறைவு. முன்பு கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். வாடகை கட்டுப்படியாகாமல் அதை மூடிய பிறகு, கடைக்கு வர முடியாதவர்களைத் தேடி அவளே போக ஆரம்பித்தாள். படுக்கையில் இருப்பவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், மறதி நோய் வந்தவர்கள், ஊரை விட்டு வெகுதூரம் தள்ளிக் கோதுமைப் பண்ணைகளில் தனியாகக் கிடப்பவர்கள். ஒரு பக்கம் நாட்டிமக், இன்னொரு பக்கம் டிம்பூலா, வடக்கே வாரக்னபீல் முதியோர் இல்லம் வரை அவள் வட்டாரம். மடக்கிவைக்கும் தலை கழுவும் தொட்டி ஒன்று, டிரையர், ரோலர் பெட்டி, துண்டு மூட்டை எல்லாம் காரின் பின்னால் எப்போதும் இருக்கும். சாகக் கிடப்பவர்களுக்கு முடி வெட்டினால் காசு வாங்க மாட்டாள். அதை அவளாகச் சொன்னதில்லை. என் அக்காவுக்கு அவள் கடைசியாக வெட்டிவிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கார் அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் புதுக் கார். வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட் வகை. ஊருக்குள் மின்சாரத்திலேயே ஓடும், தூரம் போனால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். அவள் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே சூரியத் தகடுகள் இருந்தன. "வெயில் சும்மாதானே அடிக்குது வெர்னா, அதையே டாங்கில் ஊத்திக்குங்க," என்று சொல்லி விற்றவன் ரெக்ஸ் ஹார்கன். ஊரின் பெரிய கார் ஷோரூம் அவனுடையது. கடன் ஏற்பாடும் அவன் மேசையிலேயே முடிந்தது. கடன் கொடுக்கும் நிறுவனத்தின் விண்ணப்பத் தாள்கள் அவன் இழுப்பறையில் இருந்தன, கையெழுத்துப் போட்டாள், சாவியோடு வீட்டுக்கு வந்தாள். ஐந்து வருடத் தவணை.

இரண்டாவது கோடையில் கார் கம்பெனியிடமிருந்து போனுக்குச் செய்தி வந்தது. பாட்டரிக்குள் கோளாறு, தானாகச் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் பாதுகாப்பு கருதி ரீகால், அதாவது விற்ற கார்களைப் பழுதுபார்க்கத் திரும்ப அழைக்கிறோம். சார்ஜ் போடாதீர்கள். கொட்டகையிலோ வீட்டை ஒட்டியோ நிறுத்தாதீர்கள். பழுதை இலவசமாகச் சரி செய்து தருவோம், உதிரி பாகம் வரும் தேதியைப் பிறகு தெரிவிக்கிறோம்.

"சொந்தமா கொட்டகை இருக்கு, மேல சோலார் இருக்கு," என்றான் அவள் கணவன் கோல். "வண்டி மட்டும் அடுத்தவன் வீட்டு வேலியோரம் தூங்குது. இனிமே நாமளும் அங்கேயே போய்ப் படுத்துக்கலாமா வெர்னா?"

கோல் தானியக் கிடங்கில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். ஒரு வாக்கியம் பேசினால் நடுவில் ஒருமுறை இருமுவான். ஆனால் கிண்டலுக்கு மட்டும் மூச்சு எங்கிருந்தோ வந்துவிடும்.

வெர்னா ரெக்ஸைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவன் எழுந்து வந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். மரியாதை தெரிந்தவன்தான்.

"இது ஃபால்ட் இல்ல வெர்னா, ரீகால். ரெண்டும் வேற வேற. கம்பெனியே இலவசமா சரி பண்ணித் தரப்போகுது. நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்."

"எப்போ?"

"பார்ட்ஸ் வந்ததும்."

"பார்ட்ஸ் எப்போ வரும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து கார் விக்கிறேன்? நேரா குதிரைப் பந்தயத்துக்குப் போயிட மாட்டேனா?"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "இதை எடுத்துக்கிட்டு என் பணத்தைக் குடுத்துடேன் ரெக்ஸ்," என்றாள்.

"அது முடியாதுங்க. சரி பண்ணித் தர்றோம்னு கம்பெனி சொல்லும்போது பணம் திரும்பக் கேக்க முடியாது. வண்டி ஓடுதுல்ல? அதுவரைக்கும் பெட்ரோல்ல ஓட்டுங்க."

"பெட்ரோல்ல ஓட்டணும்னா பெட்ரோல் காரே வாங்கியிருப்பேனே! விலையும் கம்மி."

அவன் உள்ளே போய் ஒரு பெட்ரோல் கூப்பன் எடுத்து வந்து கொடுத்தான். வெளியே வந்ததும் வெர்னா அந்தக் கூப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்கு நான் தேங்ஸ் வேற சொல்லிட்டு வந்திருக்கேன் பாரு," என்றாள்.

கோடை முழுவதும் அப்படியே போனது. வாரக்னபீல் முதியோர் இல்லத்து மேலாளர், ரொம்பத் தயங்கி, காரை வளாகத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெர்னா தெருவில் நிறுத்திவிட்டு, தொட்டியையும் டிரையரையும் தள்ளுவண்டியில் கட்டி, சரளைக்கல் பாதையில் இழுத்துக்கொண்டு போனாள். ரெக்ஸுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அதே பதில். பார்ட்ஸ் வரவில்லை, வந்ததும் முதல் ஆளாக உங்களைக் கூப்பிடுவேன். தவணை மட்டும் ஒருமுறை கூடத் தாமதிக்காமல் அவள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவர்கள் வீட்டுச் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"தவணையை நிறுத்துடி," என்றான் கோல். "பாங்குக்குப் போன் போட்டு நிறுத்து. பாதி காருக்கு எதுக்கு முழுப் பணம்? அப்போ ஓடி வருவாங்க பாரு."

வெர்னா போனைக் கையில் எடுத்தே விட்டாள். நான் தபால் அலுவலகக் கவுண்டரில் வருடக் கணக்காக உட்கார்ந்தவள். கோபத்தில் தவணையை நிறுத்தியவர்கள் பிறகு என்னென்ன பதிவுத் தபால்களை வாங்க வந்து நின்றார்கள் என்று பார்த்திருக்கிறேன். "யாரையாவது கேட்டுட்டுச் செய்," என்றேன்.

சமூக நிலையத்தில் வாரம் ஒருநாள் இலவசமாக நிதி ஆலோசனை சொல்ல ப்ரூ என்று ஒரு பெண் வருவாள். தலையில் பாதி நீலச் சாயம் பூசியிருந்தாள். வெர்னாவின் கண் முதலில் சாயம் ஏறாத முடியின் அடியைத்தான் பார்த்தது. ப்ரூ முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"முதல் விஷயம், தவணையை நிறுத்தாதீங்க. நிறுத்தினா பேச்சு காரைப் பத்தி இருக்காது, உங்களைப் பத்தி ஆயிடும்," என்றாள். "கட்டவே முடியலைன்னா கடன் குடுத்தவங்ககிட்ட கஷ்டத்தைச் சொல்லி அவகாசம் கேக்கலாம். அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு."

"கட்ட முடியும். வயிறுதான் எரியுது."

"சரி. ரெண்டாவது, ரீகால் பண்றது கம்பெனியோட கடமை. நல்ல பொருளா விக்கிறது ரெக்ஸோட கடமை. அதைக் காட்டி இதை அவர் தட்டிக் கழிக்க முடியாது. ஒண்ணு கேக்குறேன். இந்தக் காரைச் சார்ஜ் போடக் கூடாது, வீட்டுக்கிட்ட நிறுத்தக் கூடாது, எப்போ சரியாகும்னும் தெரியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, வாங்கியிருப்பீங்களா?"

"அந்த ஷோரூம் படியையே மிதிச்சிருக்க மாட்டேன்."

"இதையேதான் சட்டமும் கேக்குது. தெரிஞ்சிருந்தா யாருமே வாங்கியிருக்க மாட்டாங்கன்னா, அது பெரிய கோளாறு. பெரிய கோளாறுன்னா ரிப்பேரா, வேற காரா, பணமான்னு முடிவு பண்றது நீங்க. அவர் இல்ல. அவர் மேசையிலேயே கடன் ஏற்பாடு பண்ணினதால, காரைத் திருப்பிக் குடுத்தா கடனையும் அதோட முடிக்கச் சொல்லலாம். கடன் குடுத்தவங்களுக்கும் இதுல பொறுப்பு உண்டு."

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் ப்ரூ. "வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டு அதையே ஓட்டிக்கிட்டு இருக்க முடியாது. சாவியையும் குடுத்துடணும். வேற வண்டி இருக்கா?"

வண்டி என்று பார்த்தால் கோலின் பழைய யூட் பிக்கப் இருந்தது. பின்பக்கம் திறந்தது, ஏசி இல்லாதது. ஆனால் வெர்னா தயங்கியது அதற்காக அல்ல. ரெக்ஸ் அந்நியன் இல்லை. பள்ளியில் முதல் போட்டோ எடுக்கும் நாளில் அவனுக்கு முடி வெட்டிவிட்டதே அவள்தான். அவள் நடுவராக விசில் ஊதும் நெட்பால் குழுவுக்குச் சட்டை வாங்கித் தருவது அவன். எல்லாவற்றுக்கும் மேல், அவன் அம்மா ஐடா இருந்தது வாரக்னபீல் முதியோர் இல்லத்தில். ஒவ்வொரு வாரமும் வெர்னாவின் கையில்தான் அவள் தலை.

"அவங்க தலையைக் கழுவிட்டு, அவங்க பையன் மேல கேஸ் போடுறதா?" என்றாள் என்னிடம். ஏப்ரல் வந்தது, பண்ணைகளில் விதைக்கத் தொடங்கினார்கள். அப்போதும் அவள் ஒரு முடிவுக்கு வரவில்லை.

முடிவை எடுக்க வைத்தது லின்ட்சே என்ற கிழவரின் வீடு. நாட்டிமக் தாண்டிப் பண்ணை. புற்றுநோய் முற்றி, மருத்துவமனை வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டவர். முடியும் தாடியும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வெர்னாவைக் கூப்பிட்டிருந்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் மகள் சாலையோரக் கேட்டிலேயே காத்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க வெர்னா. வண்டியை இங்கேயே விட்டுட்டு வர முடியுமா? உள்ள வைக்கோல் கொட்டகை இருக்கு. எல்லாம் காஞ்சு கிடக்கு. அப்பாவை அவசரத்துக்குத் தூக்கிட்டு ஓடவும் முடியாது."

தொட்டியைத் தலைமாட்டில் வைத்துக் கழுவி, தாடியைச் செதுக்கி, கழுத்தில் ஒட்டிய முடியைத் துடைத்துவிட்டு வெர்னா திரும்பினாள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"அந்தப் பொண்ணு சொன்னதுல தப்பே இல்ல," என்றாள். "இத்தனை வருஷம் நான் வர்றேன்னா ஜனங்க கதவைத் திறந்து வைப்பாங்க. இப்போ போற வீட்டுக்கெல்லாம் நெருப்பைத் தூக்கிட்டுப் போறேன். நாளைக்குச் சாவியைக் குடுத்துடப் போறேன்."

மறுநாள் அவள் காரை ஓட்டிப் போக, நான் கோலின் யூட்டில் பின்னால் போனேன். ஷோரூமில் அவள் உட்காரவில்லை. சாவியை மேசைமேல் வைத்தாள். எழுதிக் கொண்டுபோன தாளையும் வைத்தாள்.

"காரை நான் நிராகரிக்கிறேன் ரெக்ஸ். கோளாறு பெருசு. எனக்கு ரிப்பேர் வேண்டாம், பணம் வேணும். கடனையும் முடிக்கணும்."

ரெக்ஸின் முகத்தில் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் இருந்தது. "என்ன வெர்னா இது? யாரோ வக்கீல் மாதிரி பேசுறீங்க. கடன் உங்களுக்கும் கடன் குடுத்தவனுக்கும் நடுவுல உள்ளது. அதை ஏன் எங்கிட்ட கொண்டு வர்றீங்க?"

"உன் மேசையிலதானே கையெழுத்துப் போட்டேன்," என்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இருவரும் யூட்டில் ஏறி வந்துவிட்டோம். வீடு வரைக்கும் ஸ்டியரிங்கில் வெர்னாவின் பிடி தளரவில்லை.

ரெக்ஸ் முடியாது என்று எழுதி அனுப்பினான். ப்ரூ உதவியோடு வெர்னா நுகர்வோர் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாள்.

இதற்கு நடுவில், ரோலர் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஐடா கேட்டுவிட்டாள். பக்கத்து அறைக்காரி மூலம் செய்தி போயிருந்தது.

"ஏன் பொண்ணே, என் பையன் உன் தலையில ஓட்டைக் காரைக் கட்டிட்டானாமே?"

"தலையை ஆட்டாதீங்க ஐடா, ரோலர் விழுந்துடும்."

"அவங்க அப்பனும் இப்படித்தான். நல்லவன், ஆனா வித்ததைத் திரும்ப வாங்கணும்னா உயிர் போயிடும்."

"ரோலர் இறுக்கமா இருக்கா?" என்று பேச்சை மாற்றினாள் வெர்னா. அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. நான் அன்று துண்டு மடித்துக் கொடுக்கக் கூடப் போயிருந்தேன், என் காதால் கேட்டேன்.

ஆனால் ஐடா அன்றே மகனுக்குப் போன் போட்டுத் திட்டியிருக்கிறாள். சனிக்கிழமை நெட்பால் மைதானத்தில், பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ரெக்ஸ் வெர்னாவிடம் வந்தான்.

"சண்டை நம்ம ரெண்டு பேருக்கும் வெர்னா. எங்க அம்மாவை ஏன் இழுக்குறீங்க? தலை கழுவுற சாக்குல போட்டுக் குடுப்பீங்களா?"

"நான் ஒரு வார்த்தை பேசல ரெக்ஸ்."

"அம்மா இனிமே வேற ஆள்கிட்ட பார்த்துக்கட்டும்."

வெர்னா விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனாள். ஆட்டம் முடியும்வரை ஒரு தவறு கூட விடாமல் ஊதினாள். யூட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அழுதாள். காரைப் பற்றி அவள் ஒரு நாளும் அழுததில்லை. "போட்டுக் குடுப்பீங்களான்னு கேட்டுட்டானே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. வேறு ஆள் தொட்டால் கத்துவேன் என்று ஐடா பிடிவாதமாக இருக்கிறாளாம். மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "என் தலை, என் முடி. அவன் தலையில மிச்சம் இருக்குற நாலு முடியை வேணா அவன் யார்கிட்ட வேணாலும் குடுத்துக்கட்டும்." கோல் இதைக் கேட்டுச் சிரித்து, இருமி, திரும்பச் சிரித்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. வெர்னா வழக்கம்போலப் போனாள். ரெக்ஸைப் பற்றி இருவரும் பேசக் கூடாது என்று மட்டும் ஐடாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

விசாரணைக்கு முன்னால் சமரசப் பேச்சு. போனில்தான். வெர்னா வீட்டுச் சமையலறை மேசையில் போனை வைத்து, நானும் கோலும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ப்ரூவும் வந்திருந்தாள். அந்தப் பக்கம் ரெக்ஸ், அவனுடைய மெல்போர்ன் வக்கீல், கடன் நிறுவனத்திலிருந்து ஒரு ஆள், நடுவில் தீர்ப்பாயத்துச் சமரசர்.

முதலில் இன்னும் கூப்பன் தருகிறோம் என்றார்கள். பிறகு வாடகைக்கு ஒரு கார் தருகிறோம் என்றார்கள். சமரசர், உதிரி பாகம் வரும் தேதியை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். அது தங்கள் கையில் இல்லை என்றார்கள். மதியம் ஆவதற்குள் வக்கீல் இறங்கி வந்தார். காரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், மீதிக் கடன் முழுவதையும் அடைத்துவிடுகிறோம், அவள் இதுவரை கட்டியதையும் திருப்பித் தருகிறோம். ஒரே ஒரு நிபந்தனை. இதைப் பற்றி அவள் யாரிடமும் பேசக் கூடாது.

கோல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வெர்னா போனைப் பார்த்தபடி இருந்தாள்.

"டிம்பூலாவுல ஒரு டீச்சர் இருக்கா," என்றாள். "அவளும் ரெக்ஸ்கிட்ட இதே கார் வாங்கியிருக்கா. பின் சீட்டுல குழந்தை. நான் போற இடத்துல எல்லாம் என்னாச்சு என்னாச்சுன்னுதான் கேக்குறாங்க. என் தொழிலே பேசுறதுதான் சார். தலையைப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராது. பணத்துல வேணா கொஞ்சம் குறைச்சுக்குங்க. ஆனா வாய்க்குப் பூட்டு வேண்டாம்."

ப்ரூ அவசரமாக ஏதோ காதில் சொன்னாள். பணத்தில் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லியிருப்பாள். வெர்னா அவள் கையைத் தட்டி அமைதிப்படுத்தினாள்.

வக்கீல் ஆரம்பித்தார். "அம்மணி, இது வழக்கமான நிபந்தனைதான், எல்லா ஒப்பந்தத்திலும்..."

"அதை எடுத்துடுங்க," என்று குறுக்கே கேட்டது ரெக்ஸின் குரல். களைத்துப்போன குரல். "இந்த ஊர்ல எதை மூடி வைக்க முடியும்? யார்டுல இந்த மாடல் வேற வரிசையா நிக்குது. கம்பெனிக்காரன் எனக்கும் தேதி சொல்ல மாட்டேங்குறான். எடுத்துடுங்க."

பூட்டு இல்லாமல் கையெழுத்தானது. வெர்னா ஓட்டிய காலத்துக்கு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். ப்ரூவுக்கு அதில் வருத்தம்தான். கடன் அடைந்தது. மிச்சத்தில் வெர்னா ஸ்டாவெல் ஊரிலிருந்து பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினாள். முன்பு யாரோ நாய்களை ஏற்றிய வண்டி. எத்தனை முறை கழுவினாலும் மழை பெய்தால் வாடை வரும். அதைக் கொட்டகையில் நிறுத்துகிறாள். கூரையில் விழும் வெயிலைப் பார்த்துச் சில நாள் பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான்.

ரெக்ஸோடு பழையபடி ஆகவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் ஒருமுறை அவன் அம்மாவைப் பார்க்க வந்தபோது வெர்னா அங்கே இருந்தாள். வாசலிலேயே நின்று, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான். "காயணும்," என்றாள். அவன் திரும்பிப் போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தான். போகும்போது, "நீங்க அம்மாகிட்ட எதுவும் சொல்லலைன்னு எனக்கு அப்புறம் தெரிஞ்சுது," என்றான். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வெர்னா, "சரி ரெக்ஸ்," என்று டிரையர் வயரைச் சுற்றி வைத்தாள்.

டிம்பூலா டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்னா வீட்டுக்கு வந்தாள். குழந்தையைக் கோலின் மடியில் விட்டுவிட்டு, சமையலறை நாற்காலியில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்தாள். வெர்னா முடியை வெட்டிக்கொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாரைப் பார்க்க வேண்டும், என்ன எழுத வேண்டும், தாளோடு சாவியையும் கொடுத்துவிட வேண்டும் என்பது உட்பட. டீச்சருக்கு விசாரணை வரை போகவே தேவைப்படவில்லை. அந்த மாதமே ரெக்ஸ் அவள் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.